கலியாண அல்பத்துக்கு வெளியே

சென்ற வருடம் ஊர்ச்சங்கம் ஒன்றின் ஆண்டுமலருக்கு ஸ்காபரோவைப் பற்றிய புகைப்படங்கள் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். இருபத்திரண்டு படங்கள் கொடுத்தேன். மூன்று கிழமையில் அத்தனையும் திரும்பி வந்தன. மலர்க்குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் தொலைபேசியில் மிகவும் பண்பாகத்தான் சொன்னார்.

"தம்பி, படங்கள் வடிவாத்தான் கிடக்கு. ஆனால் குப்பைத்தொட்டியும், கடையளின்ரை பின்கதவும், பஸ் கொட்டிலும்... இதுகளை மலரிலை போட்டால் எங்கடை பிள்ளையள் என்ன நினைக்குங்கள்? நாங்கள் இஞ்சை வந்து எப்பிடி முன்னுக்கு வந்தனாங்கள் எண்டதையெல்லோ காட்டவேணும். நீர் கலியாணவீடு, சங்கத்தின்ரை பிக்னிக், அப்பிடி ஏதும் எடுக்கேல்லையோ?"

எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதைத்தான் எழுத வந்தேன். பெரியவருக்கு மட்டுமான பதிலல்ல இது. அவர் வாய்விட்டுச் சொன்னதை மனதுக்குள் வைத்திருப்பவர்கள் எங்களில் அதிகம்.

நான் குசினி வேலைக்காரன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் இரண்டு வருடம் படித்து, முடிக்காமல் வந்தவன். லோறன்ஸ் வீதியில் ஒரு றெஸ்ரோறன்ரில் வேலை. இரவு பன்னிரண்டுக்குப் பிறகு அடுப்படி கழுவி முடிந்தால், பஸ்ஸுக்காக நின்று விறைப்பதிலும் நடப்பது மேல் என்று மார்க்கம் றோட் பக்கம் நடந்துவிடுவேன். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட நடை. செவ்வாய்க்கிழமை லீவு, அன்று பகலிலும் நடப்பேன். அடைவுகடை ஒன்றில் வாங்கிய பழைய நிக்கோன் கமெரா ஒன்று தோளில் கிடக்கும்.

ஸ்காபரோவில் நடப்பவன் ஒரு வேற்றுக்கிரகவாசி. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு காருக்கென்று அளந்து விரிக்கப்பட்ட ஊர் இது. வீதியைக் கடக்க அடுத்த லைற் மட்டும் போய் வரவேண்டும். ஆகவே இங்கே நடப்பவர்கள் யார்? கார் இல்லாதவர்கள். புதிதாக வந்த அகதிகள், இரவு வேலைக்காரர், பேரப்பிள்ளை பார்க்கக் கூப்பிடப்பட்ட அம்மாமார். பனி பெய்த மறுநாள் விடியப் பாருங்கள், பிளாசாவின் புல்தரையைக் குறுக்கறுத்து பஸ் தரிப்பை நோக்கி ஒற்றையடிப் பாதை ஒன்று விழுந்திருக்கும். எந்த நகரத் திட்டமிடலாளரும் போடாத பாதை. ஐந்து மணி வேலைக்குப் போனவர்களின் சப்பாத்துகள் போட்டது. நான் அதைப் படம் பிடிக்கிறேன். பால்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு சமையற்காரர் குந்தியிருந்து சிகரெட் பிடிக்கும் பின்கதவுகளைப் பிடிக்கிறேன். "பேஸ்மென்ற் வாடகைக்கு. குடும்பத்தவருக்கு மட்டும்" என்று கையால் எழுதி ஒட்டிய கடதாசியை, அதன் அடியில் ஒன்று இரண்டாகக் கிழித்தெடுக்கப்பட்ட தொலைபேசி இலக்கங்களைப் பிடிக்கிறேன். இவைதான் அந்த இருபத்திரண்டு.

இனி ஒரு கேள்வி. ஸ்காபரோ ஆர்.ரி. என்று ஒரு றெயில் ஓடியது. 1985 மார்ச்சில் தொடங்கியது. கென்னடியிலிருந்து மக்கோவன் மட்டும் நாலே பெட்டியோடு ஆடி ஆடிப் போகும். 2023 ஜூலை 24 ஆந் திகதி மாலை எல்ஸ்மியர் நிலையத்துக்குக் கிட்ட அதன் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டுக் கழன்றது. ஐந்து பேர் காயப்பட்டார்கள். எப்படியும் அந்த நவம்பரில் நிறுத்துவதாக இருந்த றெயில்தான்; பிறகு ஓடவேயில்லை. முப்பத்தெட்டு வருடம் எங்கள் சனம் அதில் வேலைக்குப் போனது, பள்ளிக்கூடம் போனது, அகதி வழக்குக்கு வக்கீலைப் பார்க்கப் போனது. அது நின்ற பிறகு எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன்: அந்த றெயிலுக்குள் நீங்கள் இருக்கும் படம் ஒன்று உண்டா? ஒருவரிடமும் இல்லை. அதே வீடுகளில் கலியாண அல்பம் மூன்று, சாமத்தியவீட்டு அல்பம் இரண்டு, ட்றோனில் எடுத்த வீடியோ ஒன்று. மணவறையை ஆகாயத்திலிருந்து பார்த்திருக்கிறோம், ஐயா. வேலைக்குப் போன றெயிலை உள்ளேயிருந்து பார்த்ததற்கு ஒரு அத்தாட்சி இல்லை.

கலியாணப் படமெடுக்க எங்கள் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் பார்ப்போம். கில்ட் பூங்கா. மாநகரசபையிடம் அனுமதி எடுத்து, லெகங்காவும் சேர்வானியுமாக, அந்தக் கிரேக்கத் தூண்களுக்கு முன்னால். அந்தத் தூண்கள் கிரேக்கத்திலிருந்து வரவில்லை. ரொறொன்ரோ நகர மையத்தில் ரொறொன்ரோ வங்கியின் கட்டடம் ஒன்று இருந்தது. 1966 இல் அதை இடித்தபோது அதன் பளிங்குத் துண்டங்களைக் கொண்டுவந்து வைத்தவர்கள் அந்தக் காணியில் 1932 இல் கலைக் கைவினைஞருக்கென்று ஒரு குடியிருப்பைத் தொடங்கிய றோசா கிளார்க், ஸ்பென்சர் கிளார்க் தம்பதியர். நகரம் பழையதை இடித்து இடித்து எறிய, அந்த இடிபாட்டைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். எங்கள் மணமக்கள் சாய்ந்து நிற்பது இன்னொருவர் பொறுக்கிவைத்த இடிபாட்டில்! வங்கியின் உடைந்த கல்லுக்குக்கூட ஒரு கிளார்க் கிடைத்தார். முதற் தமிழ்க்கடை, முதல் இடியப்பக்கடை, முதல் வீடியோக்கடை இருந்த பிளாசாக்களை இடித்து மாடி கட்டப்போவதாக விண்ணப்பப் பலகைகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. அதிலிருந்து ஒரு செங்கல்லைப் பொறுக்க யார் இருக்கிறோம்? பொறுக்கவேண்டாம், ஒரு படம் எடுத்து வைத்தால் "குப்பை" என்கிறோம்.

ஸ்காபரோ சிவிக் சென்ரருக்கு முன்னாலும் மணமக்கள் நிற்பதைக் கண்டிருக்கிறேன். 1973 இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தை வரைந்தவர் றேமண்ட் மொரியாமா, ஜப்பானியக் கனேடியர், 2023 இல் காலமானார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் சிறுவனாக பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைக்காட்டு முகாமில் குடும்பத்தோடு அடைக்கப்பட்டவர். 1942 இல் ஜப்பானியக் கனேடியரிடமிருந்து கனேடிய அரசு பிடுங்கிய பொருள்களின் பட்டியலைப் பாருங்கள்: வாகனம், வானொலி, துவக்கு, கமெரா. துவக்கோடு சேர்த்துக் கமெரா! அரசுகளுக்குத் தெரிகிறது அது எப்படிப்பட்ட சாமான் என்று. எங்கள் ஊரிலும் உயர்பாதுகாப்பு வலயத்து முட்கம்பியில் படம் எடுக்கத் தடை என்ற பலகை தொங்கியதை நாங்கள் மறந்துவிடவில்லை. இங்கே வந்தபிறகு எங்களை ஒருவரும் தடுக்கவில்லை. நாங்களே ஒரு பலகையை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டோம்.

எங்கள் வீட்டு அல்பத்தின் கதையைச் சொல்கிறேன். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. அம்மா அரிசியும் உறுதிக் கட்டும் எடுத்தா. அல்பம் அலுமாரிக்கு மேலே நின்றுவிட்டது. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, கதவு நிலையும் இல்லை. சில மாதங்களில் அப்பா, கடை திறக்கவென்று காலையில் போனவர், வரவில்லை. அவரிடம் எஞ்சியிருந்த ஒரே முகம், தபாலடையாள அட்டைக்கு எடுத்த படம். தேடித் திரிந்த இடமெல்லாம் அம்மா அதைப் பெருப்பித்துக் கொண்டு திரிந்தா.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் மடியில் வைத்திருக்கும் படங்களை உற்றுப் பாருங்கள். அடையாள அட்டைப் படம், பள்ளிக்கூடப் படம், பல கலியாணவீட்டுக் கூட்டப் படத்திலிருந்து வெட்டியெடுத்தவை. தோளின்மேல் இன்னொருவரின் கை கிடக்கும், கைக்குரியவர் இருக்கமாட்டார். ஆகவே கலியாணப் படத்தை நான் இகழ்வதாக யாரும் எழுந்துவிடவேண்டாம். அது முகத்தையாவது மிச்சம் வைக்கிறது. ஆனால் என் அப்பா கொக்குவிலில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். காற்றுப் போன ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்தி, எங்கே குமிழி வருகிறதென்று தலையைச் சரித்துப் பார்ப்பாராம். "ராம்" என்று எழுதவேண்டியிருக்கிறது. அந்தத் தலைச் சரிவு எனக்கு நினைவிருக்கிறதா, அல்லது அம்மா சொல்லித் தெரிந்ததா என்று இப்போது பிரிக்க முடியவில்லை. கோட்டும் ரையுமாக ஸ்ரூடியோவில் நின்ற அப்பா எனக்கு வேண்டாம். அந்தச் சட்டியும் ஒட்டுப் பசையும் எண்ணெய்க் கறை படிந்த விரலும் இருந்த ஒரு படத்தை ஒருவரும் எடுக்கவில்லை. அது "படம் எடுக்கிற விசயம்" இல்லை என்று ஊரே நினைத்தது. இங்கேயும் அதே நினைப்புத்தான் பனிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு திரிகிறது.

எனக்கு எதிரான இன்னொரு வாதமும் உண்டு, அது பெரியவருடையதிலும் பாரதூரமானது. எங்கள் றெஸ்ரோறன்ரில் கூட வேலை செய்த ஒரு பெடியனை, பின்கதவில் பால்பெட்டியில் குந்தியிருந்து கையில் பட்ட சுடுகாயத்தைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, கேளாமல் எடுத்துவிட்டேன். நல்ல படம். அவன் எழுந்து வந்தான். "அண்ணை, குறை நினையாதேங்கோ. அழியுங்கோ. என்ரை கேஸ் இன்னும் முடியேல்லை." அவன் பார்த்துக்கொண்டிருக்க அழித்தேன். அவன் செய்தது சரி. நான் செய்தது பிழை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். கியூபெக்கில் ஒரு வழக்கு. மொன்றியலில் ஒரு கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணின் படத்தை அவளைக் கேளாமல் ஒரு கலை இதழ் வெளியிட்டது. 1998 இல் உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்த்து, 2000 டொலர் நட்டஈட்டை உறுதிசெய்தது. (சிறுபத்திரிகை நடத்தும் நண்பர்கள் கவனிக்க!) அது கியூபெக்கின் சட்டம், ஒன்ராறியோவில் பொதுவீதியில் நின்று படமெடுப்பதற்குத் தடையில்லை. ஆனால் பொலிஸ் பிடிக்காது என்பதற்காக ஒருவனின் பயத்தைத் தூக்கிச் சட்டகத்துக்குள் போடலாமா? கேஸ் முடியாதவனுக்கு முகம் ஒரு ஆபத்து. நானும் நாலு வருடம் அப்படி இருந்தவன். அதற்குப் பிறகு கேட்டு எடுக்கிறேன், அல்லது முகமில்லாமல் எடுக்கிறேன்: கை, சப்பாத்து, வெறும் பெட்டி. என் படங்களில் ஆட்கள் குறைவு என்று சொன்ன நண்பருக்கு இதுதான் காரணம்.

ஆனால் அந்தப் பெடியனின் "வேண்டாம்" வேறு, பெரியவரின் "வேண்டாம்" வேறு. அவனுடையது பயம், அதற்குப் பணியவேண்டும். இவருடையது வெட்கம். அதற்கு நான் ஏன் பணியவேண்டும்?

வெட்கத்தைப் பற்றிப் பேசுவதானால் முழுவதும் பேசுவோம். 1983 ஜூலையில் கொழும்பு பொரளை பஸ் நிலையத்தடியில், உடுப்பு உரியப்பட்டுக் குந்தியிருக்கும் தமிழனும் அவனைச் சுற்றி ஆடும் கும்பலுமாக ஒரு படம். அதை எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க, சிங்களவர், இடதுசாரிப் பத்திரிகையில் வேலை செய்தவர். அந்த ஒரு கிளிக் இல்லாவிட்டால் அந்த மனிதன் ஒரு எண்ணிக்கையாகப் போயிருப்பான். அந்த நிர்வாணத்தை ஒவ்வொரு ஆடியிலும் பெருப்பித்துத் தட்டியில் ஒட்டுகிறோம். உலகத்துக்குக் காட்டுகிறோம். அவனிடம் அனுமதி கேட்டவர் யாருமில்லை. அதற்கு வெட்கப்படாத நாங்கள், எங்கள் கோப்பை கழுவும் தொட்டிக்கு வெட்கப்படுகிறோம்! அடிபட்ட தமிழனைக் காட்டலாம், வென்ற தமிழனைக் காட்டலாம். இரண்டுக்கும் நடுவில் நாற்பது வருடமாக விடிய எழும்பி வேலைக்குப் போகிற தமிழனுக்கு மலரில் பக்கம் இல்லை. இதை மத்தியதர வர்க்க மனோபாவம் என்று பல்கலைக்கழகத்தில் படித்தபோது எழுதியிருப்பேன். இப்போது அந்தச் சொல் வேண்டியதில்லை. தொலைபேசியில் வந்த குரலே போதும்.

"படம் பிடிக்கிறது அதுக்குப் படிச்ச ஆக்களின்ரை வேலை" என்றும் பெரியவர் சொன்னார். சிக்காகோவில் விவியன் மேயர் என்று ஒரு பெண், பணக்காரர் வீடுகளில் பிள்ளை பார்த்துச் சீவித்தவர். லீவு நேரத்தில் நடந்து நடந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுத்து, ஒருவருக்கும் காட்டாமல் பெட்டியில் வைத்திருந்தார். 2007 இல் பெட்டிகள் ஏலத்தில் போனபோதுதான் வெளியில் தெரிந்தது. நான் என்னை அவரோடு ஒப்பிடவில்லை. ஆனால் நடக்கிறவருக்குத் தெரிவது காரில் போகிறவருக்குத் தெரியாது என்பதற்குப் பட்டம் தேவையில்லை.

படங்களைத் திருப்பி எடுக்க பெரியவரின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். 1988 இல் வந்தவராம். வந்த புதிதில் தானும் கோப்பை கழுவினவர்தான் என்றார். எந்த இடம் என்று கேட்டேன். எக்ளின்ரனில் ஒரு பிளாசா. இப்போது அது இல்லை. "அந்த நேரத்துப் படம் ஒண்டும் இல்லையோ ஐயா?" என்றேன். உள்ளே போய்க் கனநேரம் கழித்து ஒரு கவரோடு வந்தார். ஊருக்கு அனுப்புவதற்கென்று எடுத்ததன் இன்னொரு பிரதி. பனிக்குள், பெரிய ஜக்கெற்றோடு, சிவப்புக் கார் ஒன்றில் சாய்ந்து நிற்கிறார். கைகள் இரண்டும் பொக்கெற்றுக்குள்.

"ஜக்கெற் கூட இருந்த பெடியன்ரை" என்றார்.

காரின் சொந்தக்காரர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.