வித்தியாசமும் விளங்காமையும்

பிள்ளைகளுக்குச் சகிப்புத் தன்மை கற்பிக்க வேண்டும், தம்மைப் போல் இல்லாதவர்களையும் தமக்கு விளங்காத காரியங்களையும் ஏற்றுக்கொள்ளப் பழக்க வேண்டும் என்று இப்போது உபாத்தியாயர்களும், பெற்றோர்களும், பிரசங்கிகளும் ஒரே குரலாகப் பேசி வருகிறார்கள். கேட்பதற்கு இது நல்ல பேச்சுத்தான். ஆனால் இந்த ஒரே வாக்கியத்திற்குள் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, நம்மைப் போல் இல்லாத மனிதர்களை ஏற்றுக்கொள்ளுவது. மற்றொன்று, விளங்காத விஷயங்களை ஏற்றுக்கொள்ளுவது. முன்னதை நாம் முழு மனதோடு ஆதரிக்கிறோம். பின்னதை ஒருபோதும் ஒப்ப மாட்டோம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவதனாலேயே நம் நாட்டில் முன்னதும் கைகூடாமல் போகிறது என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் சமீபத்தில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு பிரசங்கி வந்தார். வந்தவர், கண் பார்வை இல்லாமலும் கை கால் குறையுடனும் சிலர் பிறப்பதற்குக் காரணம் அவர்கள் போன ஜென்மத்தில் செய்த பாவம் என்கிற கருத்தை அப்பிள்ளைகள் நடுவில் பேசினார். அங்கே இருந்த பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அதே இடத்தில் எழுந்து ஆட்சேபித்தார். பிரசங்கி அடங்கவில்லை, ஆசிரியரோடு வாதாடினார். சங்கதி வெளியானதும் நாடெங்கும் கண்டனம் கிளம்பி, செப்டம்பரில் அவர் கைது செய்யப்பட்டார். அந்த ஆசிரியருடைய துணிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் ஒருவரைக் கைது செய்துவிட்டால் சங்கதி தீர்ந்து போகுமா? அந்தப் பிரசங்கி பேசியது அவர் சொந்தச் சரக்கா? நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லுவதும், கதாகாலட்சேபத்தில் கேட்பதும், வீதியில் ஓர் ஊனமுற்றவரைக் கண்டால் “எல்லாம் அவன் தலையெழுத்து” என்று பெருமூச்சு விடுவதும் இதே சரக்குத்தானே? அவர் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார். மற்றவர்கள் மெதுவாகச் சொல்லுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தப் பாவக் கணக்கின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். ஒரு காலத்தில் நம் நாட்டில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அதற்கும் பூர்வ ஜென்ம பாவமே காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு சொட்டு மருந்து வந்தது. இயற்கையாகப் பரவும் அந்நோய் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்குக் கண்டது. 2014 மார்ச்சில் இந்தியா அந்நோய் ஒழிந்த தேசமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தால் சான்று பெற்றது. அப்படியானால், 2011-க்குப் பிறகு போன ஜென்மத்தில் பாவம் செய்தவர்கள் ஒருவருமே இந்த நாட்டில் பிறக்கவில்லையா? இரண்டு சொட்டு மருந்தில் கரைந்து போகிற பாவம் எப்பேர்ப்பட்ட பாவம்? வைட்டமின் ஏ குறைவால் கண் போகிறது. கர்ப்பிணிக்கு ரூபெல்லா கண்டால் குழந்தைக்குக் கண்ணும் காதும் கெடுகின்றன. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் கட்டி வைக்கிற நெருங்கிய உறவுக் கல்யாணத்தில் சில பிறவிக் குறைகள் அதிகமாகின்றன. இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் “விளங்காததை ஏற்றுக்கொள்” என்றால், நாளை அவர்கள் தங்கள் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து போடுவார்களா, பரிகாரம் தேடுவார்களா?

பரிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கர்நாடகத்தில் ஒரு பிரத்தியட்சம் உண்டு. 2019 டிசம்பர் 26-ந் தேதி சூரிய கிரகணத்தன்று, கலபுரகி பக்கத்தில் ஊனமுற்ற குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தார்கள், குணமாகுமென்று. அதே கிரகணத்தை நம் கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் எத்தனையோ பிள்ளைகள் தக்க கண்ணாடி வழியாகப் பார்த்து, சந்திரன் குறுக்கே வந்து சூரியன் வளையமாய் நிற்பதைக் கண்டு சந்தோஷப்பட்டார்கள். புதைத்த தாய் தகப்பன்மார் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. குழந்தை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். விளங்காததைக் கேள்வி கேளாமல் ஏற்றுக்கொள்ளச் சின்ன வயதில் பழக்கப்பட்டவர்கள், அவ்வளவே.

நிற்க, வித்தியாசமான மனிதர்களை ஏற்றுக்கொள்ளுவது என்கிற சங்கதிக்கு வருவோம். இதில் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டியது மிகவும் சொற்பம். பெரியவர்கள் கற்பித்துக் கெடுக்காமல் இருந்தாலே முக்கால் பங்கு வேலை முடிந்துவிடும். சேரன்மாதேவி குருகுலத்தின் கதையை நம் வாசகர்கள் அறிவார்கள். தேசியக் கல்வி என்று பேர் வைத்து, காங்கிரஸ் பணமும் பொதுஜனங்கள் பணமும் பெற்று, வ.வே.சு. அய்யர் நடத்திய அந்த ஸ்தாபனத்தில் பார்ப்பனப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனியிடத்தில் சாப்பாடு போடப்பட்டது. 1924, 1925-இல் இதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளர்ச்சி செய்தார்கள். நமது பழைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே படித்த பிள்ளை. அவர் மூலமாகவும் சங்கதி வெளியே வந்தது என்பார்கள். அக்குருகுலத்துப் பிள்ளைகளில் எவனாவது தானாக “நான் வேறு, அவன் வேறு, எனக்குத் தனி இலை” என்று கேட்டானா? பெற்றோர் கேட்டார்கள், நடத்தினவர்கள் இணங்கினார்கள், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

சேரன்மாதேவி இருக்கிற அதே திருநெல்வேலி ஜில்லாவில்தான் நாங்குநேரியும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அங்கே ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனை, அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். ஏறக்குறைய நூறு வருஷத்திற்கு முன் தனி இலையாக இருந்தது இன்று அரிவாளாக வந்து நிற்கிறது. அதே 2023-இல் கரூர் ஜில்லாவில் ஒரு பள்ளியில், ஆதிதிராவிடப் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் சாப்பிடக் கூடாதென்று சில பெற்றோர்கள் தடுத்தார்கள். ஜில்லா கலெக்டரே போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. 1920-இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்த பள்ளிச் சாப்பாடு, காமராஜர் காலத்தில் நாடெங்கும் பரவி, 2022-இல் காலை உணவாகவும் வளர்ந்திருக்கிறது. சோறு வளர்ந்த அளவுக்குப் பந்தி வளரவில்லை என்பதைத்தான் கரூர் காட்டிற்று.

வித்தியாசம் பார்ப்பதைக் குழந்தை எவ்வளவு சீக்கிரத்தில் கற்றுக்கொள்ளும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுவோம். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள், அயோவா மாகாணத்தில் ரைஸ்வில் என்கிற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்தார். ஒரு நாள் ஒரு நிறக் கண்ணுடையவர்கள் உயர்ந்தவர்கள் என்றார். பிறகு அதைத் தலைகீழாக மாற்றினார். அன்றைக்கன்றே உயர்ந்தவர்கள் என்றவர்கள் கொடுமை செய்யவும், தாழ்ந்தவர்கள் என்றவர்கள் பாடத்திலேயே பின்தங்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் போதனைக்கே இப்படியானால், தொட்டிலிலிருந்து நடக்கிற போதனைக்கு எப்படியிருக்கும்? அங்கே கண்ணின் நிறம். இங்கே நம் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றின் நிறம்.

இனி நமது ஊருக்கு வருவோம். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிலையமும் இங்கே இருக்கின்றன. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. களிமண் மட்டும் இருந்தால் பீங்கான் ஆகிவிடாது. களிமண் வளைந்து கொடுக்கும். பெல்ஸ்பார் உருகிப் பிடிக்கும். குவார்ட்ஸ் உறுதியாய் நிற்கும். மூன்றும் மூன்று குணம். அதே மண்ணிலிருந்து மின்சாரப் பியூஸ் கட்டையும் வருகிறது, பிள்ளையாரும் வருகிறார், புத்தரும் வருகிறார். இவற்றில் எது உயர்ந்த ஜாதி என்று சூளை கேட்பதில்லை.

அந்தச் சூளையில் ஒரு சாமான் வெடித்து வந்தால் நல்ல தொழிலாளி என்ன செய்கிறார்? அந்தச் சாமானைத் திட்டுகிறாரா? அது போன ஜென்மத்தில் செய்த பாவம் என்று விட்டுவிடுகிறாரா? ஈரம் முழுக்க உலரவில்லையா, ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போயிற்றா, சூடு சீக்கிரம் ஏறிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். கறுப்பாய் இருக்கிற கோபால்ட்டுத் தூள் பூச்சில் கலந்து வெந்து வரும்போது நீலமாய் வருகிறது. பார்க்கிற குழந்தைக்கு அது விளங்காது; “ஏன்?” என்று கேட்கும். அந்த “ஏன்” என்கிற கேள்விதான் பீங்கான் தொழிலையே உண்டாக்கிற்று. தொழிலில் இவ்வளவு பகுத்தறிவோடு நடக்கிறவர்களே, வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கேள்வி கேட்டால் “வாயை மூடு, சாமி குற்றம்” என்று அதட்டுவது என்ன நியாயம்?

ஊரின் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் என்ற மூன்றும் கிழட்டு மலை என்றே பொருள்படும். “மலை எங்கே அப்பா?” என்று கேளாத பிள்ளை ஊரில் இருக்காது. அதற்கு யோக்கியமான பதில், “புராணத்தில் இப்படி ஒரு கதை சொல்லுகிறார்கள், ஊருக்குள் மலை ஒன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை, பூமி சாஸ்திரம் படித்தவர்களைக் கேட்போம்” என்பதுதான். “எனக்குத் தெரியாது” என்று ஒரு தகப்பன் சொல்லுவதால் அவர் மரியாதை குறைந்துவிடாது. தெரியாததற்கு ஒரு கதை கட்டி, அதைக் கேட்கவும் கூடாது என்று தடுக்கும்போதுதான் பிள்ளை மூளைக்குப் பூட்டு விழுகிறது.

மனிதர் விஷயத்தில் வேறொரு பதில் வேண்டும். ஒவ்வொரு சித்திரையிலும் உளுந்தூர்பேட்டை வட்டாரத்துக் கூவாகத்திற்குத் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸிலும் ரயிலிலும் அவர்களைப் பார்க்கிறார்கள். “அவங்க யாரும்மா?” என்று பிள்ளை கேட்டவுடன் தாய் அதன் கையைப் பிடித்து இழுத்து முகத்தைத் திருப்புகிறாள். அந்த இழுப்பு ஒன்றே போதும். பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது. “அவரும் நம்மைப் போல் ஒரு மனுஷர், ஆணாகப் பிறந்தவரென்று சொல்லப்பட்டாலும் தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்கிறவர், திருநங்கை என்று மரியாதையாய்ச் சொல்ல வேண்டும்” என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? 2014-இல் சுப்ரீம் கோர்ட்டே அவர்கள் உரிமையை ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்கு மேல் பிள்ளைக்கு விளங்காவிட்டால் விளங்காமலே இருக்கட்டும். ஒருவரை மதிப்பதற்கு அவரை முழுக்க விளங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்கிற நிபந்தனை கிடையாது. காது கேளாத பிள்ளையும், திக்கிப் பேசுகிற பிள்ளையும், வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த கூலிக்காரர் பிள்ளையும் தம்மை விளக்கிக் காட்டிய பிறகுதான் பக்கத்தில் உட்காரலாம் என்றால் அதுவும் ஒரு வகைத் தீண்டாமையே.

இந்த இடத்தில் நம் தோழர்களில் சிலருக்கும் ஒரு வார்த்தை. திருநீறு பூசி வருகிற பிள்ளையையோ, தொப்பி போட்டு வருகிற பிள்ளையையோ தம் வீட்டுப் பிள்ளைகள் கேலி செய்தால், அதைப் பகுத்தறிவு என்று எண்ணி மகிழ்கிறவர்கள் சிலர் உண்டு. அது பகுத்தறிவல்ல. கடவுள் உண்டா, திருநீற்றால் பயன் உண்டா என்று அப்பிள்ளையோடு வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையோடு விளையாட மாட்டேன், அதன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்பது நாம் எதிர்க்கிற பழைய வழக்கமேயாகும். கொள்கையைத் தாக்குவதும் ஆளை ஒதுக்குவதும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகள் நம்மிடத்தில்தான் கற்க வேண்டும்.

“எல்லாவற்றையும் கேள்வி கேட்கப் பழக்கினால் பெரியவர்களிடத்தில் மரியாதை போய்விடாதா?” என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். கேள்விக்கு அஞ்சுகிற மரியாதை எதற்கு என்பதே நமது கேள்வி. அல்லாமலும், அசோக் நகர் பள்ளியில் ஆட்சேபித்த ஆசிரியர் மரியாதைக் குறைவாகவா நடந்துகொண்டார்? அவர் கேள்வி கேட்டதனால்தான் ஆயிரக்கணக்கான உடற்குறையுள்ள பிள்ளைகளின் மானம் காப்பாற்றப்பட்டது.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? நாங்குநேரிச் சம்பவத்திற்குப் பிறகு ஏற்படுத்தப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் தன் அறிக்கையைக் கொடுத்தது. ஜாதிக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி கூடாது, பள்ளிப் பேரில் ஜாதிப் பேர் கூடாது, அகர வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. சர்க்கார் அதைத் தூசி படிய விடலாகாது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டப்படி உடற்குறையுள்ள பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்க வைக்க வேண்டும். அதற்குச் சாய்வுப் பாதையும், தக்க கழிப்பிடமும், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வேண்டும். பள்ளிக்கூடத்திற்குள் யார் வந்து என்ன பேசப் போகிறார்கள் என்று முன்னதாக விசாரிக்காமல் கதவைத் திறக்கக் கூடாது.

சர்க்கார் செய்ய வேண்டியது இவ்வளவு. மற்றது நம் கையில் இருக்கிறது. நம் பிள்ளைகள் எந்தப் பிள்ளையோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். எந்தப் பெரியவரையும் “ஏன்?” என்று கேட்கட்டும். இந்த இரண்டையும் தடுக்காமல் இருக்கிற தாய் தகப்பன்மார்தான் பிள்ளைகளுக்கு உண்மையான கல்வி கொடுத்தவர்கள் என்று சொல்லுவோம்.