பாவை விளக்குக்கு எந்த எண்?

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகைத் திருநாளை ஒட்டி, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவி ஒருவருக்கு மதுரையிலிருந்து பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை அனுப்பினோம். பொதி அனுப்பும் நிலையத்தில் படிவம் நிரப்பிய இளைஞர் கணினியில் நெடுநேரம் தேடிவிட்டு, "சார், விளக்குன்னு போட்டா இந்த நம்பர்தான் வருது" என்றார். அது மின்விளக்குகளுக்கு உரிய எண். "இது எண்ணெய் ஊற்றி ஏற்றுவது தம்பி" என்றோம். "எல்லாம் விளக்குதானே சார்" என்று சொல்லி அச்சிட்டு ஒட்டிவிட்டார். அந்நாட்டுச் சுங்கத்தில் பொதி நின்றது. எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்ற வினா வந்தது. விளக்கு வீடு சேர்ந்தபோது கார்த்திகை முடிந்திருந்தது.

அன்று சிரித்தோம். பின்னர் அந்தச் சுங்கப் பட்டியலை எடுத்துப் படித்தபோது சிரிப்பு அடங்கியது.

உலகச் சுங்க அமைப்பு வகுத்த பொருட்பட்டியல் 1988 முதல் நடப்பில் உள்ளது. உலக வணிகத்தின் பெரும்பகுதி அதன் ஆறு இலக்க எண்களால்தான் நடக்கிறது. அதில் விளக்கு என்ற ஒரு சொல் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. மின்குமிழ் 8539, கைமின்விளக்கு 8513, வண்டி விளக்கு 8512, மெழுகுவர்த்தி 3406. கூடத்திலும் தெருவிலும் பொருத்தும் விளக்குகளும், வேறெங்கும் சொல்லப்படாத பிற விளக்குகளும் 9405. நம் ஊர் அகல் விளக்கும் மண்ணால் ஆனதாயினும் அந்த 9405இல்தான் ஒதுங்குகிறது. ஒளி தருவது என்ற பயன் ஒன்றே ஆயினும் மூலப்பொருள், ஆற்றல், பொருத்தும் இடம் ஆகியவற்றைக் கொண்டு பிரிக்கிறார்கள்.

இதில் வியப்பில்லை. பகுப்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் வகுத்தது. அதன்படி வானளாவும் பனையும் புல்லே. வழக்கில் நாம் பனைமரம் என்கிறோம். நூல் வகுப்பதற்கும் நாவில் வழங்குவதற்கும் உள்ள இந்த இழுபறிதான் வரிவழக்குகளின் உயிர்நாடி. வெற்றிலை காய்கறியா என்ற வழக்கு நம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1961இல் நீதிமன்றம் தாவரவியலைப் பாராமல் மக்கள் வழக்கைப் பார்த்து, வெற்றிலை காய்கறி அன்று என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893இலேயே இதே வழியில், தாவரவியல் பழம் என்னும் தக்காளியைச் சுங்க வரிக்குக் காய்கறி என்றிருந்தது.

மதுரைக்கு இன்னும் பழைய உரிமை உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிந்ததைப் பாடுகிறது. அயல்நாட்டார் கைவண்ணம் பாண்டியனின் பள்ளியறைக்கு ஒளி தந்திருக்கிறது. சுங்கமும் அக்காலம் அறிந்ததே. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் பொதிகளுக்குப் புலிமுத்திரை இடப்பட்டதைச் சொல்கிறது; வள்ளுவர் உல்குபொருளை அரசனுக்குரிய வருவாய்களுள் ஒன்றாக வைக்கிறார். அந்தப் பாவை விளக்கு இன்று துறைமுகத்தில் இறங்கினால் எந்த எண் பெறும்? உலோகச் சிலையெனில் 8306. ஆனால் உலோகங்களுக்குரிய பிரிவின் குறிப்பு, விளக்கு எதுவாயினும் அதை 94ஆம் அத்தியாயத்துக்கு அனுப்பிவிடுகிறது. பாவை எத்துணை அழகாக இருப்பினும் கையில் அகல் ஏந்தியிருக்கும்வரை அவள் விளக்கே. இந்தத் தீர்ப்பு நமக்கும் உடன்பாடு.

உடன்பாடு இல்லாதது வேறு. சரக்கு மற்றும் சேவை வரியும் இதே சுங்க எண்களைத்தான் கையாள்கிறது. ஆகவே இது துறைமுகத்தோடு முடியும் செய்தியன்று. விளக்குத்தூண் பகுதிப் பாத்திரக்கடை வரை வருவது. 2018இல் கைவினைப் பொருள்களுக்கு 12 விழுக்காடு என்று வரி குறைக்கப்பட்டபோது, பஞ்சலோக விளக்கு உள்ளிட்ட கைவினை விளக்குகள் பட்டியலில் இடம்பெற்றன. 2025 செப்டம்பரில் அவ்வரி 5 விழுக்காடாயிற்று. நல்லது. ஆனால் 2018ஆம் ஆண்டுப் பட்டியல் அவ்விளக்குக்கு இட்ட எண் 9405 10. அன்றைய உலகப் பட்டியலில் அது கூரையிலும் சுவரிலும் மாட்டும் மின்விளக்குகளுக்கு உரிய எண். எண்ணெய் விளக்குக்கு மின்விளக்கின் எண்ணை அரசே இட்டிருக்க, பொதி நிலையத்து இளைஞரை நாம் எங்ஙனம் குறைசொல்வது?

மேலும், கைவினை என ஏற்கப்பட, பொருள் பெரும்பாலும் கையால் செய்யப்பட்டிருந்தால் மட்டும் போதாது. குறிப்பிடத்தக்க அழகு வேலைப்பாடும் வேண்டும் என்கிறது விளக்கவுரை. அன்னமும் கொடியும் வைத்த விளக்கு எளிதில் தேறும். அதே கம்மாளர் அதே பட்டறையில் வார்த்த எளிய விளக்கின் நிலை என்ன? அணியின்றி அமைந்த பாடலைப் பாடல் அன்று என்று எந்தத் தமிழாசிரியரும் சொல்லமாட்டார்.

உலகப் பட்டியலை நாம் மாற்ற முடியுமா என்று நண்பர்கள் கேட்கலாம். மாற்ற வேண்டியதில்லை. முதல் ஆறு இலக்கங்களே உலகுக்குப் பொது. ஈற்றில் வரும் இரண்டு இலக்கங்கள் நம் நாடு வகுத்துக்கொள்பவை. அந்த உரிமையைக் கொண்டுதான் அரிக்கேன் விளக்குக்கும், நாம் பெட்ரோமாக்ஸ் என்னும் மண்ணெண்ணெய் அழுத்த விளக்குக்கும் தனி எண் தந்திருக்கிறார்கள். சீமையிலிருந்து வந்த விளக்குகளுக்குப் பெயர் கிடைத்தது. குத்துவிளக்கு 'பிற' என்ற மூலையில் நிற்கிறது. இத்தனைக்கும் நாச்சியார்கோயில் குத்துவிளக்கு 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு துறை பெயரறிந்து சிறப்பித்ததை மற்றொரு துறை பெயரின்றி எண்ணுகிறது.

பெயர் இல்லையென்றால் கணக்கும் இல்லை. ஏற்றுமதிப் புள்ளிவிவரங்கள் இந்த எண்களைக் கொண்டே தொகுக்கப்படுகின்றன. ஆண்டுக்கு எத்தனை குத்துவிளக்குகள் கடல் கடக்கின்றன என்பதை 'பிற' என்ற குவியலிலிருந்து யாராலும் பிரித்தெடுக்க இயலாது. கணக்கில் வராத தொழிலுக்காகக் கடனோ சலுகையோ கேட்டு வாதாடுவதும் கடினம்.

எண்ணெய் விளக்குகளின் கீழ்க் குத்துவிளக்குக்கு ஓர் எட்டிலக்க எண் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. கூடவே, பட்டியலின் விளக்கப் பகுதிகளுக்குத் திருத்தமான தமிழாக்கமும் வேண்டும். அகல், குத்துவிளக்கு, தூக்கு விளக்கு, தூண்டாமணி விளக்கு, சரவிளக்கு என்று வேறுபாடு அறிந்து பெயரிட்ட மொழி இது. அப்பெயர்களை வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பதோடு நம் கடமை முடிந்தது என்று தமிழ் படித்த நாம் இதுகாறும் இருந்துவிட்டோம். சுங்க அலுவலரின் மேசையிலும் அச்சொற்கள் சென்று அமர வேண்டும். அடுத்த கார்த்திகைக்கு நாம் அனுப்பும் விளக்கை எவரும் எத்தனை வோல்ட் என்று கேட்கக் கூடாது.