சாவித்திரியும் போர்ஷியாவும் நாங்களும்

நாடகத்தில் பெரியது எது? அது சொல்ல வரும் கருத்தா, அதில் உலவும் கதாபாத்திரமா? இந்தக் கேள்வி எங்களுக்குள் பெரும் சண்டையாகவே மூண்டுவிட்டது. இடம், பள்ளியின் வேப்ப மரத்தடி. நேரம், மதிய உணவு வேளை. ஆண்டு விழாவுக்கு என்ன நாடகம் போடலாம் என்று தமிழம்மா காலையில் கேட்டுவிட்டுப் போனதுதான் காரணம்.

சென்ற ஆண்டு ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்திலிருந்து நீதிமன்றக் காட்சியை ஆங்கிலத்தில் நடித்தோம். போர்ஷியாவுக்குக் கறுப்பு அங்கி வேண்டுமே! திருமங்கலத்தில் வக்கீலாக இருக்கும் ஒரு தோழியின் சித்தப்பாவிடம் இரவல் வாங்கினோம். அது தரையில் புரண்டது. ஊக்கு குத்திச் சமாளித்தோம். ஆனாலும் நல்ல கைதட்டல். ஆகவே இந்த ஆண்டும் ஆங்கில நாடகமே என்றது ஒரு கட்சி. ‘சத்தியவான் சாவித்திரி’ போடலாம் என்றது மற்றொரு கட்சி.

“ஐயே, அது திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் அல்லவா? பாட்டும் பபூனும்தானே இருக்கும்! அதில் குணச்சித்திரம் ஏது? எல்லாரும் பொம்மைகள். நல்லவள் திரை தூக்கியது முதல் மங்களம் பாடும் வரை நல்லவள்” என்று முதல் கட்சியார் கேலி செய்தனர். சாவித்திரி கட்சியாராகிய நாங்கள் அன்று பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம். இப்போது சொல்கிறோம்.

அந்தப் ‘பொம்மைகளை’ ஆக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பாடம் கேட்ட பிள்ளைகள்தாம். சுவாமிகள் 1922-இல் மறைந்தார். அவருடைய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் மேடையேறுகின்றன. அவர் ஒரு முறை எமன் வேடத்தில் மேடைக்கு வந்தபோது, அந்த உக்கிரத்தைக் கண்டு கூட்டத்திலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டதாம். அந்த வேதனையில் அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். பொம்மையைப் பார்த்து யாரும் அப்படி அஞ்சுவார்களா?

ஸ்பெஷல் நாடகத்தின் முறையும் வேறு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனித்தனியே வருவார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. பலர் அன்றிரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டுகள் மனப்பாடம். ஆனால் தர்க்கம் என்று ஒன்று வருமே, அங்கே எதிரே நிற்பவர் என்ன கேட்பார் என்பது தெரியாது. கேட்ட கேள்விக்கு அந்தக் கணத்தில், அந்தப் பாத்திரமாக நின்று பதில் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாதவர் கூட்டத்தின் முன் தலைகுனிய வேண்டியதுதான். இப்படி ஒரு தேர்வை நாங்கள் எந்தப் பரீட்சையிலும் எழுதியதில்லை!

இனி சாவித்திரிக்கு வருவோம். மகாபாரதத்தின் வன பர்வத்தில் வரும் அந்தக் கதையை ஊன்றிப் படித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அவள் வாய் மூடி அழுதுகொண்டிருக்கும் பெண் அல்லள். தனக்குரிய கணவனைத் தானே தேரேறிப் போய்த் தேடியவள். அவன் ஓராண்டில் இறப்பான் என்று நாரதர் எச்சரித்தபோதும் சொன்ன சொல்லை மாற்ற மறுத்தவள். எமன் உயிரைக் கவர்ந்துகொண்டு போகும்போது அவன் பின்னாலேயே நடக்கிறாள். ஏழடி சேர்ந்து நடந்தவர்கள் நண்பர்கள் ஆகிவிடுவார்கள் என்று எமனிடமே நட்பு பேசுகிறாள். அவன் மகிழ்ந்து வரம் தருகிறான். மாமனாருக்குப் பார்வை, இழந்த நாடு, தந்தைக்கு நூறு பிள்ளைகள், கடைசியில் தனக்கும் நூறு பிள்ளைகள். கணவன் இல்லாமல் பிள்ளை ஏது? கொடுத்த வாக்கிலேயே எமன் மாட்டிக்கொண்டான்.

போர்ஷியா செய்ததும் இதுதானே! ஒரு ராத்தல் சதை என்று பத்திரத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள். ஆனால் இரத்தம் என்று எழுதவில்லையே என்கிறாள். ஷைலாக் தன் பத்திரத்திலேயே மாட்டிக்கொண்டான். இரண்டு மேடைகளிலும் ஒரு பெண் எதிரியின் சொல்லைக் கொண்டே எதிரியை மடக்குகிறாள். ஒரு வேறுபாடு மட்டும் எங்களை உறுத்துகிறது. போர்ஷியா வாதாட ஆண் வேடம் போட வேண்டியிருந்தது. சாவித்திரி சாவித்திரியாகவே நின்று வாதாடினாள்.

(பாவம், ஷேக்ஸ்பியர் காலத்தில் போர்ஷியாவாகப் பேசியவனும் ஒரு பையன்தான். 1660 வரை இங்கிலாந்தின் பொது அரங்குகளில் பெண்கள் நடிக்கும் வழக்கம் இல்லை. பையன் பெண்ணாகி, அந்தப் பெண் ஆணாகி… சுவாமிகளின் சபையிலும் பையன்களே ஸ்திரீபார்ட் போட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு நாடகக் குழுவை நடத்திவிட்டார். இதை நாம் ஏன் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை?)

சரி, இந்த நாடகத்தின் கருத்து என்ன? கேட்டால் எல்லாரும் ‘கற்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மேடையில் வாழ்த்துரை வழங்கும் பெரியவர்களும் அதையே சொல்கிறார்கள். எங்களுக்கு இது ஒப்பவில்லை. கற்புக்காக மட்டும் என்றால் ஊர் ஏன் பனியில் பாய் விரித்து விடியும் வரை உட்கார வேண்டும்? அதைத்தான் முதல் பாட்டிலேயே தெரிந்துகொண்டு விடுகிறோமே! எமனுக்கு எதிரே அவள் என்ன பேசப் போகிறாள், இவன் எப்படி மடங்கப் போகிறான் என்பதற்காகத்தான் உட்காருகிறார்கள். கருத்து என்பது பாத்திரத்தின் கழுத்தில் தொங்கவிடும் அட்டை அன்று. பாத்திரம் பேசப் பேசத்தான் அது பிறக்கிறது.

சில சமயம் பாத்திரம் கருத்தையே மீறி எழுந்து நிற்கும். ஷைலாக்கைப் பாருங்கள். கருணையின் மேன்மையைச் சொல்லும் நாடகம் அது. ஆனால் முடிவில், கருணை பேசியவர்களே அவனை மதம் மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள். சென்ற ஆண்டு நாங்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டோம். நேரம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில், அதைப் பேசினால் போர்ஷியாவுக்குக் கைதட்ட மனம் வருமா என்று பயந்தோம். மேடையை விட்டுத் தலை குனிந்து வெளியேறும் அந்தக் கிழவன் இன்னும் எங்கள் மனத்தில் நிற்கிறான். எமன் அப்படி அவமானப்பட்டுப் போவதில்லை. தோற்றும் மகிழ்ச்சியோடு வாழ்த்திவிட்டுப் போகிறான். எதிரியைத் தோற்கடித்தும் அவன் மானத்தைக் காப்பாற்றிய வகையில் சாவித்திரி ஒரு படி மேல் என்பது எங்கள் துணிபு. ஆங்கிலக் கட்சியார் கோபிக்க வேண்டாம்!

நடிப்பவரின் நெஞ்சம் கருத்தை எங்கே கொண்டு போய்விடும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. டி. கல்லுப்பட்டியில் பஸ் ஏறினால் திருமங்கலம். அங்கே வாழ்ந்தவர் தியாகி விஸ்வநாததாஸ். வள்ளி திருமணம் முருகன் கதை அல்லவா? அதில் அவர் வெள்ளைக் கொக்கு பறக்கும் பாட்டைப் பாடினால், கொக்கு என்பது யார் என்று கேட்பவர் அனைவருக்கும் விளங்கிவிடும். வெள்ளையர் அரசுக்கும் விளங்கியது. பல முறை சிறையில் போட்டது. அவர் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி அவரோடு நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, சென்னையில் முருகன் வேடத்தில் மேடையில் இருந்தபடியே உயிர் நீத்தார். நம் ஊரில் காந்தி நிகேதன் ஆசிரமம் தொடங்கப்பட்டதும் அதே 1940-இல்தான். காந்தியடிகளும் சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து, அரிச்சந்திரனாகவே தம்மை எண்ணிப் பல முறை நடித்துப் பார்த்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இவ்வளவு நியாயம் பேசும் நாங்கள் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும்.

எங்களோடு படிக்கும் ஒரு தோழியின் தாயார் ஸ்திரீபார்ட் நடிகை. ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அது எங்களுக்குத் தெரியாது. பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் அவள் ‘தையல்’ என்று எழுதியிருந்தாள். ஒரு திருவிழாச் சுவரொட்டியில் எங்களில் ஒருத்தி அந்த அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அதற்குப் பிறகு ‘நாடகக்காரி மகள்’ என்ற சொல் எங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே ஓடியது. யார் முதலில் சொன்னது என்று இப்போது யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். எல்லாரும் சிரித்தோம் என்பது மட்டும் உண்மை. அவள் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று கடிதம் வந்தது.

நாடகக்காரர்கள் மீது, முக்கியமாக நடிகைகள் மீது, சுமத்தப்படும் இந்த இழிசொல்லைப் பற்றி அமெரிக்காவிலிருந்து சூசன் சைசர் என்ற ஆராய்ச்சியாளர் மதுரைக்கு வந்து, நடிகர்களோடு பழகி, 2005-இல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டிருக்கிறார். கடல் கடந்து வந்தவருக்குக் கண்ணில் பட்டது, அடுத்த பெஞ்சில் இருந்த எங்களுக்குப் படவில்லை.

இந்த ஆண்டு சாவித்திரிதான் என்று முடிவானதும் எமனாக நடிப்பவளுக்கு நிற்கவே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அந்தத் தோழியிடம் போய் நின்றோம். அவள் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அம்மாகிட்ட நீங்களே கேளுங்க” என்றாள். சிஸ்டரிடம் அனுமதி பெற்று, அந்த அம்மா இரண்டு சனிக்கிழமைகள் வந்தார்கள். பருத்திச் சேலை, தலையில் எண்ணெய், கையில் ஒரு மஞ்சள் பை. சுவரொட்டியில் பார்த்தவர் இவர்தானா என்று நம்ப முடியவில்லை.

எங்கள் சாவித்திரி முதல் வரியிலேயே கண்ணைக் கசக்கினாள். அம்மா நிறுத்தச் சொன்னார்கள். “அழாத தாயி. அழுதா அவன் போயிட்டே இருப்பான். அவன் தெனமும் அழுகையத்தான் கேக்குறான். நீ பேசு. பேசினாத்தான் நிப்பான்.” எமனைப் பார்த்து, “நீ மொறைக்காத. ஒனக்கு இந்தப் பிள்ளை மேல கோவம் இல்ல. ஒன் வேல அது” என்றார்கள். அவ்வளவுதான். அந்த இரண்டு பேச்சில் எங்களுக்கு இரண்டு பாத்திரங்களும் விளங்கிவிட்டன. ஆண்டு விழாவில் நாங்கள் பேசியது அந்த அம்மா சொல்லிக் கொடுத்த தர்க்கம்தான். கேட்டவர்கள் சொல்லுங்கள், அது பொம்மைப் பேச்சா?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. சாவித்திரிக்குக் கைதட்டிவிட்டு, சாவித்திரியாக நின்றவளை வீட்டு வாசலில் நிறுத்திப் பேசுவது எந்த ஊர் நியாயம்? எங்களைத் திருத்தும்போது உங்களையும் சற்றுத் திருத்திக்கொள்ளக் கூடாதா?

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் நடக்கையில், பபூன் வந்து போனதுமே “படிக்கிற பிள்ளைகளுக்கு என்ன நாடகம், எழுந்திருங்கள்” என்று எங்களை வீட்டுக்கு விரட்டிவிடுகிறீர்கள். எமன் வருவதே விடியற்காலை மூன்று மணிக்கு. சாவித்திரியின் தர்க்கத்தை எங்களில் ஒருத்திகூட மேடையில் முழுதாகப் பார்த்ததில்லை. அடுத்த பங்குனியில் பரீட்சை முடிந்திருந்தால், அன்று ஓர் இரவு மட்டும் எங்களை உட்கார விடுங்கள்.