கிணற்றில் தாவும் சிறுவனும் நமது அட்டைப்படமும்

கோடை பிறந்ததும் நம் இதழ்களின் அட்டைகளிலும் இணையவெளியிலும் ஒரே படம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. கல்கட்டுக் கிணறு, மேட்டிலிருந்து கைகால் விரித்துத் தாவும் சிறுவன், கீழே பச்சை நீரில் அண்ணாந்து பார்க்கும் நாலைந்து தலைகள். படத்தின் அடியில் ‘தொலைந்த பால்யம்’ என்றொரு வரி. யார் தொலைத்த பால்யம்? படத்தில் இருப்பவன் அதற்குள்தான் இருக்கிறான். தொலைத்தவர்கள் நகரத்தில் அமர்ந்து பார்க்கும் நாம். நம் ஏக்கத்திற்கு அவன் உடல் வாடகையின்றிக் கிடைக்கிறது.

இப்படங்கள் அழகானவை அல்ல என்று நாம் சொல்ல வரவில்லை. அவை எதைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுகின்றன என்பதே நம் வழக்கு. இந்த மண்ணில் கிணறு வெறும் நீர்நிலையாக ஒருநாளும் இருந்ததில்லை. அதில் இறங்கத்தக்கவர் உண்டு, தகாதவர் உண்டு. 1927 மார்ச்சில் பம்பாய் மாகாணத்து மகாடில், சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடிப்பதற்கே அம்பேத்கர் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தன் 15ஆம் பிரிவில் கிணறு, குளம், குளிக்கும் துறை என்று பெயர் சொல்லியே எழுத வேண்டியிருந்தது. அதுவும் பொதுக் கிணறுகளுக்கு மட்டும். நம் படங்களில் வரும் தோட்டத்துக் கிணறுகள் பெரும்பாலும் அந்த வரிக்கு வெளியே நிற்பவை. மேட்டில் வரிசையாக நிற்பவர்களில் எவன் எந்தத் தெருப் பையன், எவன் வரவே முடியாதவன் என்பதைப் படம் சொல்வதில்லை. ‘கிராமத்துச் சிறுவர்கள்’ என்று எல்லோரையும் ஒரே நீரில் முக்கி எடுத்துவிடுகிறது. பண்ணையாளாக ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவனைப் பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’யில் (2000) பெயரோடு எழுதிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் ஒளிப்படமோ பெயர் கேட்கவே இன்னும் கூச்சப்படுகிறது.

பெண்பிள்ளைகள் எங்கே? முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகிய பெண்கள் நம் வீடுகளிலேயே உண்டு. கேமராவோடு அயலார் வந்து நின்றால் முதலில் கரையேறுகிறவர்கள் அவர்கள்தாம். அவர்களை வெளியேற்றிவிட்டு எடுத்த படத்துக்கு ‘சுதந்திரம்’ என்று தலைப்பிடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

‘பையன்கள் ஆசையாகத்தானே குதித்தார்கள்’ என்பார்கள் நண்பர்கள். முதல் தாவல் ஆசைதான். வெளிச்சம் போதவில்லை, இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் மேலிருந்து என்று கேட்டு வாங்கிய ஐந்தாவது தாவல்? நீர் இறங்கிய சித்திரையில் அடிப்பாறை எங்கே துருத்திக்கொண்டிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். எங்கிருந்து தாவலாம் என்பதை அவனே தீர்மானிக்கும்வரை அது விளையாட்டு. பிறகு அது வேலை. அதுவும் கூலியில்லாத வேலை.

அடுக்ககத்து நீச்சல் குளத்தில் நம் பிள்ளைகள் அரையாடையோடு விளையாடும்போது முன்பின் அறியாதவர் ஒருவர் கேமராவைத் தூக்கினால் நாம் என்ன செய்வோம்? காவலாளியைக் கூப்பிடுவோம். கிணற்றுமேட்டில் கூப்பிட யாருமில்லை என்பதுதான் இந்தக் கலைக்குக் கிடைத்த உரிமமா?

படமே எடுக்கக் கூடாது என்பதல்ல நம் கட்சி. தாய் தகப்பனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம், அச்சான பிரதியை ஊருக்கு அனுப்பலாம், கிணறு யாருடையது என்பதைப் படக்குறிப்பில் எழுதலாம். இதழ்களின் இரண்டாம் பக்கத்தில் அட்டை வடிவமைத்தவர் பெயரும் ஒளிப்படக்காரர் பெயரும் தவறாமல் வருகின்றன. வீட்டார் சம்மதித்தால், தாவியவனுக்கும் அங்கே ஒரு வரி கொடுக்க இடமிருக்கிறது.