கேஸ் மாத்திரை என்று ஒன்று கிடையாது

என் மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

வீட்டுக்கு வருகிற உங்களில் பாதிப் பேர் சட்டைப்பையில் பான்டாப்ரசோல் அட்டை இருக்கிறது. கேட்டால் "கேஸ் மாத்திரை சார்" என்கிறீர்கள். கேஸுக்கு அது மருந்தே இல்லை. இரைப்பைச் செல்களில் அமிலத்தை வெளியேற்றும் பம்பை அடைக்கிற மருந்து. அமிலம் குறையும், காற்று அப்படியே இருக்கும்.

அதையாவது ஒழுங்காகப் போடுகிறீர்களா? பிரியாணியை முடித்துவிட்டு, பீடாவுக்கு முன்னால் போடுகிறீர்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டியது அது. எப்போதோ வரும் எரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி ஒன்று போதும்.

மாத்திரைக்கு நான் எதிரி இல்லை. உணவுக்குழாய் புண்ணானவர்களுக்கும், ஆஸ்பிரின் சாப்பிடுவதால் டாக்டர் சேர்த்து எழுதிக் கொடுத்தவர்களுக்கும் அது வேண்டும். இதைப் படித்துவிட்டு அவர்கள் நிறுத்திவிடாதீர்கள். என் கோபமெல்லாம் மெடிக்கல் ஷாப் தம்பியையே டாக்டராக்கி, வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்கள் மேல்தான். சாதாரண எதுக்களிப்புக்கு நான்கிலிருந்து எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதே வழக்கம். நீண்ட நாள் தின்றால் பி12, மெக்னீசியம் குறையலாம். சைவக் குடும்பங்களில் பி12 ஏற்கெனவே இழுபறி. பல மாதம் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரக்கும். உடனே "பார்த்தீங்களா, மாத்திரை இல்லாம முடியல" என்று அடுத்த அட்டை! படிப்படியாகக் குறைக்க டாக்டரிடம் கேட்டால் என்ன?

வயிற்றுப் புண்ணுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களிலேயே காட்டிவிட்டார்கள். மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்த மனிதர். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் சேர்த்து இரண்டு வாரம் கொடுத்து ஒழிக்கப் பார்க்கலாம். நீங்கள் பான்டாப்ரசோலை மட்டும் தின்றுகொண்டிருந்தால் அது வாடகை கொடுக்காமல் உள்ளேயே குடியிருக்கும்.

விழுங்கும்போது அடைக்கிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, காரணமில்லாமல் எடை குறைகிறதா? என்டோஸ்கோபிக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சை அழுத்தி, வேர்த்துக்கொட்டி, வலி கைக்கோ தாடைக்கோ ஏறினால், சோடா உடைத்துக் கொடுக்கும் பெரியப்பாவை ஒதுக்கிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். அப்போது வேண்டியது இசிஜி.

ராத்திரி எதுக்களிப்பவர்கள் எட்டு மணிக்குள் சாப்பிட்டு, பத்து மணிக்குமேல் படுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும்.