ஆக்கப் பொறுத்தாச்சு... ஆறவும் பொறுங்க பாஸ்!

வைவாவுக்கு க்யூவுல நிக்கிற நம்ம பசங்க முகத்தைக் கவனிச்சிருக்கீங்களா? வெளியே செம கூல். உள்ளே ஏகப்பட்ட டென்ஷன். எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும்... படார்! இந்த வார ஹீரோவும் அப்படிப்பட்ட ஆளுதான். பேரு, கையால செஞ்ச கண்ணாடி மணி. கோயில் மணி இல்லீங்க, மாலையில கோக்கிற மணி.

டார்ச் தீயில கண்ணாடிக் குச்சியை உருக்கி, களிமண் பூச்சு பூசின மெல்லிசான ஸ்டீல் கம்பி மேல சுத்தறாங்க. தேன் மாதிரி வழியற கண்ணாடி, கம்பி சுத்தச் சுத்த உருண்டையாகுது. ஆறினதும் கம்பியை உருவிட்டா, அந்த இடம்தான் நூல் கோக்கிற ஓட்டை. இத்தாலியோட முரானோ தீவு கண்ணாடி மணிக்குப் பேர் போன இடம். அமெரிக்கா, ஐரோப்பாவுல நிறைய பேர் வீட்டு ஷெட்டுலயே டார்ச் வெச்சு செய்யறாங்க, வித்து காசும் பாக்கறாங்க. டார்ச்சுக்குப் பக்கத்துல மைக்ரோவேவ் சைஸுல ஒரு எலெக்ட்ரிக் சூளை நிக்கும். பாக்க சைடு ஆக்டர் மாதிரி இருந்தாலும், மணியோட ஆயுசு அது கையிலதான்.

ஏன்னு கேளுங்க. தீயை விட்டு வெளியே வந்ததும் மணியோட மேல்தோல் முதல்ல ஆறி இறுகிடும். உள்பக்கம் இன்னும் சூடு. அப்புறம் உள்பக்கம் ஆறிச் சுருங்கப் பாக்கும். ஏற்கெனவே இறுகின தோல் விடுமா? விடாது. ஆக, வெளியே கம்ப்ரஷன், உள்ளே டென்ஷன். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல படிச்சோமே, அதே டென்ஷன்தான்! கம்ப்ரஷனை கண்ணாடி நல்லாவே தாங்கும், டென்ஷனைத் தாங்காது. சில மணி ஆறும்போதே விரிசல் விடும். சிலது நல்ல பிள்ளையா மாலையில உக்காந்துட்டு, மாசக் கணக்குல கழிச்சு ஒரு நாள் காரணமே இல்லாத மாதிரி ரெண்டாப் பிளக்கும்.

'அப்போ கார் பக்கவாட்டுக் கண்ணாடியை வேணும்னே வேகமா ஆத்தறாங்களே?'ன்னு கடைசி பெஞ்ச்லேர்ந்து ஒரு குரல் வருது. சூப்பர் கேள்வி. அங்கே தட்டையான கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ஒரே சீரா காத்து அடிச்சு ஆத்தறாங்க. அது கணக்குப் போட்டு ஏத்தின டென்ஷன். நம்ம மணியில நடுவுல ஓட்டை, ஒரு பக்கம் பூ, இன்னொரு பக்கம் புள்ளி. எங்கே எவ்வளவு டென்ஷன்னு யாருக்கும் தெரியாது.

இதுக்கு மருந்துதான் அனீலிங். இந்த வேலைக்குப் பயன்படற சோடா-லைம் கண்ணாடின்னா சூளை சுமார் 510, 520 டிகிரி செல்சியஸ்ல இருக்கணும். போரோசிலிகேட்னா 560 பக்கம். அந்தச் சூட்டுல மணி உருகாது, வடிவம் கெடாது. ஆனா உள்ளே இருக்கிற அணுக்கள் கொஞ்சம் நகர்ந்து உக்கார இடம் கிடைக்கும். நிமிஷக் கணக்குல டென்ஷன் இறங்கிடும். கடைசி மணி உள்ளே போனதும் அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் அதே சூட்டுல வெச்சிருப்பாங்க. அப்புறம்தான் முக்கியமான கட்டம். மணிக்கு 30, 40 டிகிரின்னு மெதுவா இறக்கி, 370 வாக்குல வந்ததும் சுவிட்சை அணைப்பாங்க. கதவைத் திறக்காம தானா ஆற விடுவாங்க. நடுவுல ஆசையா எட்டிப் பாத்தா, கஷ்டப்பட்டு இறக்கின டென்ஷனுக்கு நாமளே திரும்ப டிக்கெட் கொடுத்த மாதிரி.

சூளை இல்லாதவங்க மணியை செராமிக் கம்பளிக்குள்ள சுத்தி வைக்கறதும் உண்டு. அது உடனே விரிசல் விடாமக் காப்பாத்தும், அவ்வளவுதான். அனீலிங் ஆகாது. ஆறின மணியை அப்புறமா சூளையில மெதுவா சூடேத்தி அனீல் பண்ணியே ஆகணும்.

இங்கே ஒரு கணக்கு. ஒரே வேகத்துல ஆத்தினா, தடிமன் ரெண்டு மடங்கானா டென்ஷன் நாலு மடங்கு. புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுல கிடைச்ச பழங்காலக் கண்ணாடி மணிகள்ல பெரும்பாலானது பொடிசு, அதனால இந்தத் தொல்லை அதுகளுக்குக் கம்மி. அந்தப் பக்கம் பெரிய சைஸைப் பாருங்க. கலிஃபோர்னியாவோட பாலோமர் டெலஸ்கோப்புக்காக 1934-ல வார்த்த 200 அங்குலக் கண்ணாடி ஆறவே சுமார் 10 மாசம் ஆச்சு!

அனீல் ஆச்சான்னு எப்படித் தெரியும்? எல்.சி.டி. மானிட்டர்ல வெள்ளை ஸ்கிரீன் வைங்க. போலராய்ட் கூலிங் கிளாஸை அது முன்னாடி பிடிச்சு, ஸ்கிரீன் கறுப்பாகுற வரைக்கும் திருப்புங்க. இப்போ ரெண்டுக்கும் நடுவுல மணியை நீட்டுங்க. கறுப்பாவே இருந்தா டென்ஷன் இல்லை. உள்ளே வெளிச்சம் பூத்தா... மாட்டிக்கிச்சு!

ஆனா இந்த ட்ரிக் ஒளி ஊடுருவற மணிக்கு மட்டும்தான். கெட்டியான சிவப்பு, மஞ்சள் மணியில எதுவும் தெரியாது. சூளையில வெச்ச மணியும் வைக்காத மணியும் கடையில ஒரே பளபளப்புலதான் தொங்கும். காசு கொடுத்து வாங்கி, அக்கா கழுத்துல போட்டு அழகு பாக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சவர் ஒரே ஆள்தான், அதைச் செஞ்சவர். யாரும் கேக்காத அந்த சில மணி நேரத்தை அவர் சூளைக்குக் கொடுத்தாரா இல்லையாங்கிறதுதான் அந்த மணியோட விலை.

நீங்களும் நாளைக்கு பாலமோ, சாஃப்ட்வேரோ கட்டத்தான் போறீங்க. யாரும் திறந்து பாக்காத பகுதி அதுலயும் இருக்கும். அங்கேயும் ஆறப் பொறுங்க பாஸ்!