ஏச்சு மருந்தாகாது!

அத்திப்பட்டு அனல் மின்நிலையம் நாட்டுக்கு ஒளி தருகிறது. அங்கும் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திலும் உழைக்கும் தோழர்களின் இல்லங்களிலோ ஓர் இருட்டு! 'பெண்கள் சமாச்சாரம்' என்று அது மூடி மறைக்கப்படுகிறது.

மாதவிலக்கு மாதக்கணக்கில் தவறுகிறது, முகத்திலே முடி அரும்புகிறது, உடல் பருக்கிறது. வீடு என்ன சொல்கிறது? "தின்று கொழுத்தாள்" என்கிறது. வீதி? "மலடி" என்கிறது. மருத்துவம் என்ன சொல்கிறது? சினைப்பை நீர்க்கட்டி நோயாக இருக்கலாம், சோதித்துப் பார் என்கிறது! சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெயினும் லெவந்தாலும் 1935-லேயே விவரித்த நோய் இது.

உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதனைத் தசைக்குள் செலுத்துவது இன்சுலின். இந்நோய் கண்ட பெண்கள் பலரின் உடல் இன்சுலினின் சொல் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்மைச் சுரப்பைப் பெருக்குகிறது. வயிற்றிலே கொழுப்பு சேர்கிறது. சேர்ந்த கொழுப்போ இன்சுலினை இன்னும் முடக்குகிறது. நோய் பருமனை வளர்க்க, பருமன் நோயை வளர்க்கிறது! கவனிக்காவிடில் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கல்லீரலில் கொழுப்பு எனத் தொடர்கிறது. மெலிந்த பெண்ணையும் இந்நோய் விடுவதில்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடையுள்ளோர் 2015-16-இல் நூற்றுக்கு 31 பேர். 2019-21-இல் 40 பேர். இடைப்பட்ட சில ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்பது பெண்கள் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்களா? கேட்கிறோம்! அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் வயிற்றை நிரப்புகின்றன. பயறும் காய்கறியும் வாங்கக் கூலி போதவில்லை. "நட" என்கிறார் மருத்துவர். கண்டெய்னர் லாரிகள் உறுமும் சாலையிலே எங்கே நடப்பாள்?

வழி இல்லாமல் இல்லை. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. இன்சுலினும் வேலை செய்யத் தொடங்குகிறது. 70 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது மூன்றரைக் கிலோதான்!

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை நோயாளியின் வாசலுக்கே மருந்து கொண்டு சென்றது. பெருமைதான். ஆனால், நோய் வந்தபின் மருந்து தருவதோடு நின்றால் போதுமா? மாதவிலக்கு தவறும் இளம் பெண்ணுக்கு, ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை, கொழுப்பு, இரத்தக் கொதிப்புச் சோதனை வேண்டும். நடக்க ஒரு திடல் வேண்டும். இவை சலுகையல்ல, உரிமை!

தோழர்களே! மேடையிலே பெண்ணுரிமை முழங்குகிறோம். அந்த முழக்கம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போகட்டும். மனைவியை, மகளை, தங்கையை ஏசும் வாய் மூடட்டும். மருத்துவமனைக்குத் துணை செல்லும் கால்கள் நடக்கட்டும்!